உச்சிமணிக்கு அலறும் பிள்ளை

கடியப்பட்டணம்
12-1-2007

இசபெலுக்கு,

இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். மஸ்கட்டில் நீயும் அப்படித்தான் இருப்பாய் என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

இனிமேல் வெள்ளிக்கிழமை போன் செய்யாதே. செய்தாலும் எடுக்க வேண்டாம் என்று பிலோமி அக்காவிடம் சொல்லிவிட்டேன். போன் அவள் வீட்டில் இருந்தாலும் பிள்ளை என் பிள்ளை.

வாரத்துக்கு ஒரு நாள் கூப்பிட்டு, "மக்கா பெனின், அம்மா பேசுதேன், சாப்பிட்டியா?" என்று கேட்கிறாய். அவன் பதில் சொல்ல மாட்டான் என்று தெரிந்தும் கொஞ்ச நேரம் காத்திருக்கிறாய். பிறகு கார்டில் காசு தீர்ந்துபோய் வைத்துவிடுகிறாய். அதற்குப் பிறகு இங்கே நடப்பது உனக்குத் தெரியாது. ரிசீவரை எறிகிறான். தன் கையையே கடிக்கிறான். சுவரில் தலையை முட்டுகிறான். போன வாரம் அக்காவின் கன்னத்தைப் பிறாண்டி ரத்தம் வந்துவிட்டது. என் கூடப்பிறந்தவள் என்பதால் பொறுத்துக்கொண்டாள். வேறொருத்தியாக இருந்தால் பிள்ளையைத் தூக்கி வாசலில் வைத்திருப்பாள்.

அடுத்த மாதம் அவனுக்கு நாலு வயது முடிகிறது. கூப்பிட்டால் திரும்புவதில்லை. முகத்தைப் பார்ப்பதில்லை. பக்கத்து வீட்டுச் செல்வதாஸின் மகன் இவனுக்கு இளையவன். அவன் கரையில் நிற்கிற ஒவ்வொரு வள்ளத்தையும் பார்த்து இது யாருடையது என்று சொல்லுகிறான். நம் மகன் அந்த வள்ளங்களுக்கு அடியில் குந்திக்கொண்டு மணலை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டே இருக்கிறான்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? "பெத்த தள்ள விட்டுட்டுப் போன பிள்ளை, ஏங்கிப் போச்சு" என்கிறார்கள். நானும் அதைத்தான் சொல்லுகிறேன். நீ விமானம் ஏறும்போது அவனுக்கு இரண்டரை வயது. கூட்டில் குஞ்சை விட்டுப்போன பறவையிடம் வேறென்ன சொல்ல இருக்கிறது.

ததேயுஸ்

~

மஸ்கட்
29-1-2007

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. டியூட்டிக்குப் போகிற வண்டியில் வைத்துப் படித்தேன். அது தப்பு. அன்று ஒரு கிழவருக்கு ஊசி போட நரம்பு கிடைக்காமல் இரண்டு தடவை குத்திவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அரபியில் ஏதோ ஆறுதல் சொன்னார்.

போன வெள்ளிக்கிழமையும் போன் பூத்தில் போய் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் பின்னால் நின்ற மலையாளிப் பெண்ணுக்கு வழிவிட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். அறையில் இருப்பவர்கள் அவரவர் பிள்ளைகள் போனில் சொன்னதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் துணி துவைக்கப் போனேன். துவைக்கத் துணி இல்லை. துவைத்ததையே மறுபடி நனைத்தேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அலை வந்து வள்ளத்தையும் வலையையும் அள்ளிக்கொண்டு போன பிறகு, நாகர்கோவிலில் பார்த்த வேலையை விட்டு இங்கே வர நான் ஒருத்தி மட்டுமா முடிவு செய்தேன்? "பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன், நீ தைரியமாப் போ" என்று விமான நிலையத்தில் சொன்னது யார்? பறவை என்று எழுதியிருக்கிறீர்கள். பறவை தனக்குத்தானே விசா எடுத்துக்கொண்டு வரவில்லை.

இதை எழுதிவிட்டேனே தவிர, ஊர் சொல்வது பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை அத்தான். இங்கே ஒவ்வொரு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொள்வதும் அதுதான். நான் திரும்பி வந்தால் அவன் பேசுவான் என்றால் நாளைக்கே வருகிறேன்.

ஒரு உதவி செய்யுங்கள். கோபத்தை விட்டுவிட்டு, அவன் ஒரு நாள் முழுக்க என்ன செய்கிறான், எந்த நேரத்தில் அழுகிறான், அதற்கு முன்னால் என்ன நடக்கிறது என்று எனக்கு எழுதுங்கள். நோயாளியைப் பற்றி நாங்கள் அப்படித்தான் குறித்து வைப்போம். இங்கே குழந்தைகள் டாக்டரம்மா ஒருவர் இருக்கிறார். அவரிடம் கேட்கிறேன்.

உங்கள்
இசபெல்

~

கடியப்பட்டணம்
14-2-2007

இசபெலுக்கு,

கேட்டாய், எழுதுகிறேன். பிறகு ஏன் எழுதினாய் என்று அழாதே.

விடியும் முன்பு நான் தங்கையனின் வள்ளத்தில் கடலுக்குப் போய்விடுவேன். அக்கா வந்து பிள்ளையோடு இருப்பாள். எழுந்ததும் செருப்புகளை எல்லாம் எடுத்து வாசலில் ஒரே வரிசையாக அடுக்குவான். ஒன்றை யாராவது காலில் மாட்டிக்கொண்டு போனால் தொலைந்தது. மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவான். காது கேட்கவில்லை என்று முதலில் நினைத்தோம். பின்னால் நின்று தட்டைத் தட்டினாலும் திரும்ப மாட்டான். ஆனால் அடுத்த அறையில் பிஸ்கட் உறையைப் பிரித்தால் வந்து நிற்பான். திமிர் என்கிறான் செல்வதாஸ். நாலு அடி வைத்தால் சரியாகிவிடும் என்கிறான். பால்வாடி டீச்சர் டிவியை நிறுத்தச் சொன்னார், நிறுத்தினோம். கரையில் பாதிப்பேர் சுனாமியில் பயந்தது என்கிறார்கள். ஆண்பிள்ளை பிந்தித்தான் பேசும், உன் மாமனே ஐந்து வயதில்தான் பேசினான் என்று சொன்னவர்களும் உண்டு. ஆளுக்கொரு வைத்தியம், ஆளுக்கொரு காரணம். பெற்றவனுக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை.

இனி முக்கியமானது. இது நடப்பது எப்போதும் உச்சி நேரத்தில். கோயிலில் பன்னிரண்டு மணிக்கு மூவேளைச் செபத்துக்கு மணி அடிக்கும். அது ஓய்ந்ததும் செருப்பை விட்டுவிட்டு எழுந்து வருவான். அக்காவின் முன்னால் வந்து நிற்பான். அவள் முகத்தைப் பார்க்காமல், பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்பான்: "மக்கா, சாப்பிட்டியா?"

உன் குரலில் கேட்கிறான் இசபெல். நீ இழுக்கிற அதே இழுப்பு. முதல் தடவை கேட்டபோது அக்கா பயந்து சிலுவை போட்டுக்கொண்டாள். ஒரு வார்த்தையும் பேசாத பிள்ளை, அத்தையை நலம் விசாரிக்கிறது. அவள் ஆசையாக, "சாப்பிட்டேன் மக்கா, நீ சாப்பிட்டியா?" என்று சொல்லித் தலையைத் தடவுவாள். அவ்வளவுதான். மறுபடி கேட்பான். மறுபடி சொல்லுவாள். குரல் உயரும். பிறகு அலறல். கடி. சுவரில் முட்டு. காற்று பலத்துக் கடலுக்குப் போகாத நாளில் நானும் பார்த்திருக்கிறேன். நானும் "சாப்பிட்டேன் மக்கா" என்றுதான் சொன்னேன். என் கையிலும் பல் பதிந்திருக்கிறது.

நான் மீன் ஏலம் முடித்து வீட்டுக்கு வர இரண்டு மணி ஆகும். அதற்குப் பிறகுதான் எல்லோருக்கும் சோறு. அதற்குள் அவன் அழுது ஓய்ந்து கிடப்பான். சில நாள் தின்பான், சில நாள் தட்டைத் தட்டிவிடுவான்.

உச்சி நேரம், மாற்றுக் குரல், மூர்க்கம். இது என்ன என்று கடற்கரையில் பிறந்த உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அக்கா வாயைத் திறந்து சொல்லியேவிட்டாள்: "தம்பி, இது உச்சப்பேயாக்கும்." தவக்காலம் பிறந்ததும் கிழக்கே அந்தோணியார் கோயிலுக்குக் கூட்டிப்போய்ப் பதின்மூன்று செவ்வாய்க்கிழமை தங்கப் போகிறேன். தொழில் கெடும். கெடட்டும்.

ததேயுஸ்

~

மஸ்கட்
3-3-2007

அன்புள்ள அத்தானுக்கு,

போகாதீர்கள். இந்தக் கடிதத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இந்த ஒரு சொல்லைப் படியுங்கள். அக்கா வீட்டுக்குப் போன் செய்து பார்த்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. நீங்கள் சொன்ன சொல்லை பிலோமி மைனி காப்பாற்றுகிறார்கள்.

உங்கள் கடிதத்தை டாக்டரம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். ஆலப்புழைக்காரி, தமிழ் புரியும். செருப்பு வரிசை வந்ததும் தலையாட்டினார். மிக்ஸி வந்ததும் பேனாவை வைத்துவிட்டார். பிள்ளையை நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்லக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் அந்தப் பெயரைச் சொன்னார். ஆட்டிசம். மலையாளத்தில் ஓட்டிசம் என்றார். பேய் இல்லை, பைத்தியம் இல்லை, பயந்ததும் இல்லை. பிறக்கும்போதே மூளை அப்படி அமைந்துவிடுகிறதாம். நமக்குக் காதில் விழுவது வேறு, அவனுக்கு விழுவது வேறு. நமக்கு மிக்ஸி ஒரு சத்தம், அவனுக்கு அது தலைக்குள்ளேயே ஓடும். அடித்தால் போகாது, மந்திரித்தாலும் போகாது. மருந்து கொடுத்து மாற்றுகிற நோயும் அல்ல. ஆனால் சொல்லிக்கொடுக்கலாம், அவன் வழியில் போய்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அறைக்கு வந்து உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்தேன். "சாப்பிட்டேன் மக்கா" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அதற்கு மேல் வாசிக்க முடியவில்லை.

நான் ஊரில் இருந்தபோது காலை டியூட்டி முடிந்து பஸ் பிடித்து வந்து சேரும்போது கோயிலில் உச்சிமணி அடிக்கும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "மக்கா, சாப்பிட்டியா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருவேன். ஊரில் யார்தான் அப்படிக் கேட்க மாட்டார்கள்? கேட்டுவிட்டு நேரே அடுக்களைக்குப் போய்ச் சோற்றைப் பிசைந்து அவன் முன்னால் வைப்பேன். எல்லா நாளும் அப்படித்தான். மணி அடிக்கும், இந்தச் சொல் வரும், சோறு வரும்.

இப்படிப்பட்ட பிள்ளைகள் கேட்டதைக் கேட்டபடியே, நான் நீ என்று மாற்றத் தெரியாமல், முழுசாக எடுத்துச் சொல்வார்களாம். எனக்குப் பசிக்கிறது என்ற சொல் அவனிடம் இல்லை அத்தான். அவனிடம் இருப்பது என் சொல். அவன் உங்களை நலம் விசாரிக்கவில்லை. சோறு கேட்கிறான். நீங்களும் மைனியும் தலையைத் தடவிக்கொடுத்து, நாங்கள் சாப்பிட்டாயிற்று என்று சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள்.

நானும்தான். வெள்ளிக்கிழமை தோறும் போனில் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டுச் சோறு கொடுக்காமல் போனை வைத்தவள் நான்தானே. அவன் ரிசீவரை எறிந்ததில் என்ன தப்பு?

அவன் வந்து கேட்டால் பதில் சொல்லாதீர்கள். தட்டை வையுங்கள்.

இசபெல்

~

அந்தோணியார் கோயில் வளாகம்
7-3-2007

இசபெல்,

நேற்று இரண்டாவது செவ்வாய். வாடகைக்கு ஒரு ஓலைக்கொட்டகை எடுத்திருக்கிறேன். இங்கே இருக்கிற ஒரு கிழவி, கடிதம் போட வேண்டுமென்றால் தபால்காரரிடம் கொடுக்கிறேன் என்றாள். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது.

கோயிலில் யாரும் ஒன்றும் செய்யவில்லை. சாமியார் பிள்ளையின் தலையில் கைவைத்துச் செபித்தார், நல்ல மனுஷன். வெளியே, புளியமரத்தடியில் பேய் விரட்டுகிறவன் ஒருவன் இருக்கிறான். சாமியாருக்குத் தெரியாமல்தான் எல்லோரும் அவனிடம் போகிறார்கள். நானும் போனேன்.

மேளம், தூபம், கூட்டம். பெனின் காதைப் பொத்தினான். இரண்டு பேர் அவன் கைகளைப் பிடித்து விலக்கினார்கள். விரட்டுகிறவன் கேட்டான்: "ஏலே, யாரு நீ?"

பெனின் சொன்னான்: "ஏலே, யாரு நீ?"

கூட்டம் பின்னால் நகர்ந்தது. "போறியா, இல்லியா?" என்றான். "போறியா, இல்லியா?" என்றான் நம் மகன், அதே முரட்டுக் குரலில். "பாத்தியளா, எதிர்த்துப் பேசுது. லேசுப்பட்ட சாதனம் இல்ல" என்று சொல்லிவிட்டுப் பிரம்பை எடுத்தான்.

நான் அங்கேயே நின்றேன் இசபெல். நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் அடிக்கும்போது பெனின் அடித்தவனைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. பிரம்பின் நுனி மேலே போவதையும் கீழே வருவதையும் மட்டும் பார்த்தான். அழுதான். பிறகு உச்சிமணி அடித்தது. அவ்வளவு அடிக்கும் நடுவில் சுவரைப் பார்க்கிற மாதிரி எங்கேயோ பார்த்துக்கொண்டு, "மக்கா, சாப்பிட்டியா?" என்றான்.

கூட்டத்தில் ஒருத்தி அழுதுவிட்டாள். பேய்க்கும் தாய்ப்பாசம் இருக்கிறது பார் என்றாள்.

அவனைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு வந்துவிட்டேன். நாளைக்கு ஊருக்குத் திரும்புகிறேன். மீதிச் செவ்வாய்க்கிழமைகளை அந்தோணியார் மன்னிப்பார். என்ன செய்வது என்று தெரியவில்லை. நீ இங்கே இருந்திருந்தால் என்னைத் திட்டியாவது இருப்பாய்.

ததேயுஸ்

~

கடியப்பட்டணம்
21-3-2007

இசபெல்,

உன் கடிதம் நேற்று வந்தது. நின்றுகொண்டே படித்தேன், பிறகு உட்கார்ந்து படித்தேன். அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை. இன்று கடலுக்குப் போகவில்லை. பதினொன்றரைக்கே சோறு வடித்துச் சாளைமீன் குழம்பை ஊற்றிப் பிசைந்து முள் எடுத்து வைத்துவிட்டேன்.

மணி அடித்தது. செருப்பை விட்டுவிட்டு வந்தான். என் முழங்காலுக்குப் பக்கத்தில் நின்றான். "மக்கா, சாப்பிட்டியா?"

எனக்கு வாயில் பதில் வந்துவிட்டது. பழக்கம். பல்லைக் கடித்துக்கொண்டு தட்டை வைத்தேன்.

உட்கார்ந்தான். தின்றான். தட்டில் ஒரு பருக்கை இல்லாமல் தின்றான். எழுந்து போய் விட்ட இடத்திலிருந்து செருப்பை அடுக்கினான். அலறலும் இல்லை, கடியும் இல்லை. தெருவில் மீன்காரியின் கூவல் கேட்டது. உச்சி நேரத்தில் இந்த வீட்டில் அந்தக் கூவல் கேட்டே எத்தனையோ காலம் ஆகிறது.

அக்கா வந்து வாசலில் நின்று பார்த்தாள். விஷயத்தைச் சொன்னேன். "நான் அவனுக்குச் சோறு குடுக்காம இருந்தேனா தம்பி?" என்று கேட்டாள். நான் இல்லை என்றேன். "குடுக்காமத்தான் இருந்திருக்கேன்" என்று சொல்லித் தலைவாசலில் உட்கார்ந்து அழுதாள். பிறகு என்ன நினைத்தாளோ, எழுந்துபோய் மிக்ஸியைப் பழைய துணியில் சுற்றிப் பரணில் போட்டாள். இனி அம்மியில்தான் அரைப்பாளாம்.

அவன் முதுகில் பிரம்புத் தடம் இன்னும் ஆறவில்லை. இரண்டு நேரமும் தேங்காய் எண்ணெய் போடுகிறேன். பசித்தவனைத் தூக்கிக்கொண்டு போய் அடிக்கக் கொடுத்திருக்கிறேன். இதை நான் யாரிடமும் சொல்ல முடியாது. கரையில் சொன்னால் சிரிப்பார்கள். உன்னிடம் சொல்லுகிறேன்.

வெள்ளிக்கிழமை போன் செய். செய்தால் வேறு ஏதாவது பேசு.

ததேயுஸ்

~

மஸ்கட்
9-4-2007

அன்புள்ள அத்தானுக்கு,

நேற்று பாஸ்காத் திருநாள். கோயிலுக்குப் போய் வந்து உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு பகல் முழுக்கப் படுக்கையில் இருந்தேன். கூட இருப்பவர்கள் பிரியாணி செய்து கூப்பிட்டார்கள். பசி இல்லை என்றேன். அவன் தட்டில் பருக்கை இல்லாமல் தின்றான் என்று நீங்கள் எழுதியதே எனக்கு நிறைந்துவிட்டது.

ஆனால் மனசு சும்மா இருக்கவில்லை. டாக்டரம்மா எத்தனை தடவை சொன்னாலும் ஒரு கேள்வி போக மாட்டேன் என்கிறது. நான் விட்டுவந்ததால் ஆனது இல்லை என்கிறார். முன்பு வெளிநாட்டில் பெரிய பெரிய டாக்டர்கள்கூட தாய் பாசம் காட்டாததால்தான் இப்படி ஆகிறது என்று சொல்லி எத்தனையோ பெண்களை உயிரோடு கொன்றிருக்கிறார்களாம், அது தப்பு என்று பிறகு கண்டுபிடித்துவிட்டார்களாம். இருக்கலாம். அவர் படித்தவர். ஆனால் அவர் நம் வீட்டில் இருந்து பார்க்கவில்லை. நீங்கள் பார்த்தீர்கள். என்னைச் சொன்னதும் நீங்கள்தான். ஆகையால் நீங்கள் சொன்னால்தான் எனக்கு ஆறும், அல்லது ஆறாமல் போகும்.

என்னால்தானா?

இசபெல்

~

கடியப்பட்டணம்
2-5-2007

இசபெல்,

உன் கேள்விக்கு வருகிறேன். அதற்கு முன்னால் நம் வீட்டுக் கூத்தைக் கேள்.

அக்காவிடம் ஆட்டிசம் என்று சொன்னேன். அவள் ஊர் முழுக்கப் பிள்ளைக்கு ஆட்டுச்சுரம் என்று சொல்லிவிட்டாள். செல்வதாஸ் வந்து ஆட்டுப்பால் கொடுப்பதை நிறுத்து என்று புத்தி சொல்லிவிட்டுப் போனான். ஆட்டுப்பால் யார் கொடுத்தது? இன்னொருவன் பத்திரிகையில் படித்தானாம், இப்படிப்பட்ட பிள்ளைகள் எல்லாம் கணக்கில் புலியாம். நப்பாசை யாரை விட்டது? மூன்று நாள் கரண்ட் பில்லை அவன் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாலாம் நாள் பில்லைக் கிழித்துச் சின்னச் சின்னத் துண்டாக்கி வரிசையாக அடுக்கிவிட்டான். புலி இல்லை. பெனின்தான்.

நாகர்கோவிலில் ஒரு டீச்சரம்மா தன் வீட்டிலேயே இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். வாரத்துக்கு இரண்டு நாள் கூட்டிப்போகிறேன். என்னைத்தான் முதலில் திருத்துகிறார். கேள்வியாகப் பேசாதீர்கள், அவன் என்ன சொல்ல வேண்டுமோ அதை அவன் வாயில் வருகிற மாதிரி சொல்லுங்கள் என்கிறார். அதனால் இப்போது அவன் முன்னால் நின்று, "எனக்கு வெள்ளம் வேணும்" என்று சொல்லிவிட்டு அவனுக்கு வெள்ளம் கொடுக்கிறேன். பார்க்கிறவர்கள், ததேயுஸுக்குத் தாகம், பிள்ளைக்கு வெள்ளம் கொடுக்கிறான், தகப்பனுக்கும் கழன்றுவிட்டது என்கிறார்கள்.

இப்போது உன் கேள்வி.

அலை வந்த அன்று நீ ஆஸ்பத்திரி டியூட்டியில் இருந்தாய். நானும் அவனும் வீட்டில் இருந்தோம். கிறிஸ்மஸுக்கு மறுநாள், ஞாயிறு. கரையிலிருந்து எல்லோரும் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். நான் பின்பக்கம் இருந்தேன். அவன் வாசலில். "பெனின், பெனின்" என்று தொண்டை கிழியக் கத்தினேன். பெண்கள் அலறிக்கொண்டு அவனைத் தாண்டி ஓடினார்கள். ஒரு நாய்கூட ஓடியது. அவன் திரும்பவில்லை இசபெல். குழாயடியில் தேங்கியிருந்த வெள்ளத்தில் விரலை விட்டு வட்டம் போட்டுக்கொண்டிருந்தான். பாய்ந்து போய்த் தூக்கினேன். தூக்கி ஓடும்போதும் அந்த வெள்ளத்தைப் பார்க்கத்தான் கழுத்தைத் திருப்பினான்.

பயந்ததால் இப்படி ஆனான் என்கிறவர்களுக்கு நான் இதைச் சொல்லியிருக்க வேண்டும். அவன் பயப்படவே இல்லை. அதற்கு முன்னாலேயே அவன் அப்படித்தான். நீ விமானம் ஏறியது அதற்கும் ஒன்பது மாதம் கழித்து.

இது அன்றைக்கே என் கண்ணில் பட்டதுதான். ஆனால் காரணம் என்று கைகாட்ட ஒரு ஆள் வேண்டியிருந்தது. கடலைக் கைகாட்ட முடியாது, நாளைக்கும் அதில்தான் போக வேண்டும். நீ தூரத்தில் இருந்தாய்.

உன்னால் இல்லை. கேட்டியா? உன்னால் இல்லை.

ததேயுஸ்

~

மஸ்கட்
16-9-2007

அன்புள்ள அத்தானுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். விடுமுறை முடிந்து வருகிறவர்கள் எல்லோரும் இரண்டு நாள் பேச மாட்டார்கள், இந்த அறையின் வழக்கம் அது. யாரும் யாரையும் கேட்பதில்லை.

வீட்டில் இருந்தபோது உங்களிடம் சொல்லாததை இங்கே வந்து எழுதுகிறேன். நேரில் சொல்லியிருந்தால் நீங்கள் சமாதானம் சொல்லியிருப்பீர்கள். எனக்குச் சமாதானம் வேண்டாம்.

நான் ஆட்டோவிலிருந்து இறங்கியபோது அவன் வாசலில் இருந்தான். இரண்டு வருஷமாக அந்த நிமிஷத்தை நினைத்து நினைத்துத் தூங்கியிருக்கிறேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் கழற்றிப் போட்ட செருப்பை எடுத்து வரிசையில் வைத்தான். அவ்வளவுதான். மைனி அழுதார்கள். நான் சிரித்தேன், எல்லாம் தெரிந்த நர்ஸ் மாதிரி.

தொட்டால் விலகினான். ஆனால் ஒரு நாள் மத்தியானம் நான் பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தபோது வந்தான். எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, தன் முதுகை என் முதுகில் சாய்த்துக்கொண்டான். வெகுநேரம் இருந்தான். நான் மூச்சைக்கூட மெல்ல விட்டேன். திரும்பிப் பார்த்தால் போய்விடுவான் என்று பார்க்கவில்லை. இந்தப் பிள்ளைகளுக்குப் பாசமே கிடையாது என்று இங்கே ஒருத்தி சொன்னாள். அந்த மத்தியானத்தை அவளிடம் சொல்ல நினைத்தேன். பிறகு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அவனுக்குச் சாய ஏதோ ஒன்று வேண்டியிருந்தது, நான் அங்கே கிடந்தேன். சுவராக இருந்தாலும் சாய்ந்திருப்பானோ?

நான் கிளம்பும்போதும் அவன் நிமிரவில்லை.

டிசம்பரில் என் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள். நான் வந்தால் அவன் பேசுவான் என்று முன்பு நினைத்தேன். அது இல்லை என்று தெரிந்துவிட்டது. டீச்சரம்மாவிடம் கற்றுக்கொண்டு நீங்களே நன்றாகப் பார்த்துக்கொள்கிறீர்கள். என்னைவிட நன்றாக.

ஆகையால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் எழுத வேண்டும். நான் போன பிறகு பிள்ளை என்னைத் தேடினானா? ஒரு நாளாவது? தேடினான் என்றால் வந்துவிடுகிறேன். இல்லை என்றால் கையெழுத்துப் போடுகிறேன். எனக்காக எதையும் கூட்டி எழுத வேண்டாம்.

உங்கள்
இசபெல்

~

கடியப்பட்டணம்
4-10-2007

இசபெல்,

சுவரில் அவன் சாய மாட்டான். முட்டுவான், சாய மாட்டான். அக்கா மேல் சாய்ந்ததில்லை, டீச்சரம்மா மேல் சாய்ந்ததில்லை. என் மேல் இதுவரை இரண்டு தடவை. இவ்வளவும் நான் பார்த்தது, ஆகையால் எழுதலாம்.

போன வாரம் ஒன்று நடந்தது. தங்கையன் வீட்டுக்கு வந்திருந்தான். பெனின் குடத்தின் பக்கத்தில் நின்று, "எனக்கு வெள்ளம் வேணும்" என்றான். சுவரைப் பார்த்துத்தான் சொன்னான். தங்கையன் வாயைப் பிளந்துவிட்டான். நான் பெரிய விஷயம் இல்லை என்கிற மாதிரி மொண்டு கொடுத்தேன். பிறகு பின்பக்கம் போய் நின்றுகொண்டேன். இதைச் சொல்ல அந்த நேரத்தில் நீ பக்கத்தில் இல்லை.

தேடினானா என்று கேட்டாய். ஒரு வாரமாக இந்தக் கடிதத்தை எழுதாமல் தள்ளிப்போட்டேன். தேடினான் என்று ஒரு வரி எழுதினால் நீ வந்துவிடுவாய். பேனா அதுவரை போனது. ஆனால் நீ பிறகு ஒரு நாள் அவன் முகத்தையே பார்த்துப் பார்த்து அதைத் தேடிக்கொண்டிருப்பாய் என்று தோன்றியது. அதனால் உள்ளதைச் சொல்லுகிறேன். நீ போன அன்று அவன் வழக்கம்போல் தின்றான், வழக்கம்போல் தூங்கினான். தெருவைப் போய்ப் பார்க்கவில்லை. உன் பாயைத் தொடவில்லை. உள்ளே என்ன வைத்திருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. ஒன்றுமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், அவனைப் பற்றி அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் இத்தனை காலம் தப்பு செய்தோம். ஆனால் நீ கேட்ட கேள்விக்கு, பிள்ளை தேடவில்லை.

கையெழுத்துப் போடாதே.

ஏலம் முடிந்து வருகிறேன். அக்கா அவள் வீட்டுக்குப் போகிறாள். நானும் அவனும் இருக்கிறோம். அவனுக்கு அது போதும். அவன் செருப்பை அடுக்குகிறான். நான் வாசலில் உட்கார்ந்து பஸ் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், நாகர்கோவிலிலிருந்து வருகிற பஸ், முன்பு நீ டியூட்டி முடிந்து வந்து இறங்கின பஸ்.

உன்னைத் தேடுவது எனக்குத்தான்.

ததேயுஸ்